‘ஸ்டேஜ்-கேட்’: வாயிலா, கடவா?

அவையோருக்கு வணக்கம்.

பேக்கேஜிங் திட்டங்களில், ஒரு கட்டம் முடிந்து அடுத்ததற்குச் செல்லுமுன் நின்று தீர்மானிக்கும் இடத்தைக் குறிக்க வழங்கும் ‘ஸ்டேஜ்-கேட்’ (stage-gate) என்பதற்குத் தமிழ்ச்சொற்களாக முன்வைக்கப்பட்ட ‘நிலைவாயில்’, ‘ஒப்புதல் வாயில்’ ஆகிய இரண்டிலும் எனக்குத் தயக்கம் உண்டு. முதலாவது, மஞ்சள் பூசி மாவிலை கட்டும் நிலைவாசலையே நினைவுபடுத்துகிறது. இரண்டாவது பொருளைச் சுருக்கிவிடுகிறது. கனடாவின் மேலாண்மைப் பேராசிரியர் ராபர்ட் கூப்பர் 1980களில் வகுத்த இம்முறையில், ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் திட்டத்தைத் தொடர்வதா, நிறுத்திவைப்பதா, செய்ததைத் திருத்திக்கொண்டு மீண்டும் வருவதா, அடியோடு கைவிடுவதா என்று தீர்மானிக்கிறார்கள். ஒப்புதல் அவற்றுள் ஒன்று மட்டுமே.

சாம்பார் பொடிக்குப் புதிய லேமினேட் பை (பல படலங்களை ஒட்டிச் செய்த பை) கொண்டுவருவதை எடுத்துக்கொள்வோம். தேவைகளை வரையறுத்தல், வடிவமைப்பு, மாதிரிப் பையில் அடைத்த பொடி ஈரம் கோக்காமல் மணம் குன்றாமல் எவ்வளவு காலம் இருக்கிறது என்று பார்த்தல், நிரப்பும் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தல், லாரிப் பயணத்தின் குலுக்கலைத் தாங்குமா என்ற சோதனை எனக் கட்டங்கள் நீண்டு, சந்தை வெளியீட்டில் முடிகின்றன. இவற்றுள், பையில் அச்சிடுவதற்கான கிராவூர் உருளைகளை, அதாவது படமும் எழுத்தும் செதுக்கப்படும் உலோக உருளைகளை, செதுக்கக் கொடுப்பதற்கு முந்தைய தீர்மானமே மிகக் கடினமானது. நிறத்துக்கு ஓர் உருளை வேண்டும். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் கேட்கும் நிகர எடை அறிவிப்பில் பிழை இருப்பது செதுக்கிய பின்னர் தெரியவந்தால், அந்த எழுத்துகளைத் தாங்கிய உருளையைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். விற்பனை, தரக்கட்டுப்பாடு, கொள்முதல், ஆலை ஆகிய பிரிவினர் அனைவரும் கையெழுத்திடாமல் அந்த இடத்தைத் தாண்ட விடக்கூடாது என்பது இதனால்தான்.

ஆகவே ‘கடவு’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். கடவுச்சீட்டிலும் கடவுச்சொல்லிலும் அது நமக்குப் பழகியதே. சரிபார்த்த பின்னர் விடுவதும், சரியில்லையெனில் திருப்பி அனுப்புவதும் அதில் ஒருங்கே அடங்கியுள்ளன. ‘அச்சுக்கடவு’, ‘வெளியீட்டுக்கடவு’, ‘கடவுக்குழு’ எனக் கிளைச்சொற்களும் இயல்பாக அமைகின்றன. முழு ஏற்பாட்டையும் குறிக்கக் ‘கடவுமுறை’ போதும். ‘கட்டக்கடவு’ என்று நீட்டினால், பழைய உரைநடையின் ‘கட்டக் கடவது’ என்னும் ஆணைபோல் காதில் விழும், அது வேண்டாம்.

நான்கு தீர்மானங்களுக்கும் முறையே ‘தொடர்வு’, ‘நிறுத்திவைப்பு’, ‘மீள்பணி’, ‘கைவிடல்’ எனலாம். இவற்றுள் ‘மீள்பணி’ மட்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஆலைகளிலும் அச்சகங்களிலும் இதற்கு வேறு தமிழ்ச்சொல் வழங்குமானால், அதை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன், அதையே ஏற்றுக்கொள்ளலாம்.