சுளகில் பரப்பிய குளிசைகள்

«கோண்டாவில் வீடு» குழு
ஞாயிற்றுக்கிழமை

அம்மா, காலை 6.40
ஐயாவுக்கு நேற்றுப் பின்னேரம் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கால் வீக்கம் பாதி வற்றிவிட்டது, ஆனால் இரவு இரண்டு தலையணை வைத்துத்தான் படுத்தார். வீட்டில் இருந்த குளிசைகள் எல்லாவற்றையும் சுளகில் கொட்டிப் படம் எடுத்து அனுப்புகிறேன். பெரியவள் பார்த்துச் சொல்லட்டும். எந்தக் கடதாசி உறை எந்தக் கிளினிக்கில் தந்தது என்று எனக்கு இனிப் பிடிபடாது.

ஐயா, காலை 6.52
இக்குழுவில் முழு வசனத்தில், ஒற்றுப் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்று நான் வைத்த விதி, நான் வாட்டில் கிடந்த ஒரு கிழமைக்குள் காற்றில் பறந்திருக்கிறது. கைகூப்பும் பொம்மைப் படங்கள் பதினேழை எண்ணினேன். இன்றிலிருந்து விதி மீண்டும் நடைமுறைக்கு வருகிறது.

சித்தப்பா (வவுனியா), காலை 7.05
அண்ணை, நீங்கள் பழையபடி அதட்டுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். கால் வீங்கி மூச்சு முட்டி உங்களை வாட்டில் கிடத்திய வருத்தம் சலரோகத்தாலா, இதயத்தாலா, சிறுநீரகத்தாலா? ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் சிறுநீரகம் என்றாலே கிணற்றுத் தண்ணீரைத்தான் சொல்வார்கள்.

அக்கா (இலண்டன்), காலை 7.48
சித்தப்பா, அநுராதபுரம், பதவியா, வவுனியாப் பக்கங்களில் விவசாயிகளைத் தாக்கும், காரணம் முழுதாக உறுதிப்படாத சிறுநீரக நோய் தனியான விடயம். ஐயாவுக்கு 17 வருடச் சலரோகமும் அதற்கும் முந்திய பிறசரும் இருக்கையில் கிணற்றை முதலாவது குற்றவாளியாக நிறுத்த வேண்டியதில்லை. நீங்கள் மூன்றில் எது என்று கேட்கிறீர்கள்; மூன்றும் ஒரே வருத்தம் என்றுதான் நான் சொல்வேன். இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐந்து லீற்றர் இரத்தத்தை வெளித்தள்ளுகிறது, அதில் ஐந்திலொரு பங்கு நேரே சிறுநீரகங்களுக்குப் போகிறது. இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்துக்கு வரத்துக் குறைகிறது. சிறுநீரகம் அதை உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. பிடித்துவைத்த நீர் மறுபடி இதயத்துக்கே சுமையாகிறது. கூடிய சீனியும் கொழுப்பும் பிறசரும் இரண்டு உறுப்புகளின் நுண்ணிய குழாய்களையும் ஒரே நேரத்தில் அரிக்கின்றன.

அக்கா (இலண்டன்), காலை 7.55
அமெரிக்க இதயச் சங்கம் 2023 ஒக்ரோபரில் இதற்கு ஒரே பெயராகவே வைத்துவிட்டது. பூச்சியத்திலிருந்து நான்கு வரை படிகள் வகுத்திருக்கிறார்கள். உடற்பருமனோ, சலரோகத்துக்கு முந்திய நிலையோ முதலாம் படி. சலரோகம், பிறசர், இரத்தக் கொழுப்பு அல்லது சிறுநீரகப் பழுது வந்தால் இரண்டாம் படி. அறிகுறி இல்லாமலே இதயம் பழுதாகத் தொடங்கியிருந்தால் மூன்று. மாரடைப்போ, பக்கவாதமோ, இதயத் தளர்ச்சியோ வந்துவிட்டால் நான்கு.

ஐயா, காலை 8.10
அப்பெயரைத் தமிழில் «இதய, சிறுநீரக, அனுசேப நோய்த்தொகுதி» என்று எழுதலாம். அனுசேபம், அதாவது உடம்பு உணவைப் பயன்படுத்தும் வேதிவினைகள், என்ற சொல்லைப் பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். நான் எத்தனையாம் படியில் நிற்கிறேன் என்பதை ஒளிக்காமல் சொல்லவும்.

அக்கா (இலண்டன்), காலை 8.14
2019இல் இதயக் குழாயை விரித்துவைக்கும் ஸ்ரென்ற் வைத்தது, இப்போது எக்கோவில் இதயத்தின் தள்ளும் வலு 40 சதவீதம் என்று வந்தது, இரண்டையும் சேர்த்தால் நான்காம் படி, ஐயா. சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கவில்லை, ஆகையால் அந்தப் படியின் முதற்பாதி. இது கடைசிப் படி என்று நினைத்து மனம் சோர வேண்டாம். இதே படியில் நின்றுகொண்டு தோட்டம் கொத்துகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

நான், காலை 9.30
நான் காலையில் வீட்டுக்கு வந்து மூன்று கிளினிக் கொப்பிகளையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன். இதற்கு முன் இந்த மூன்றும் ஒன்றையொன்று கண்டதேயில்லை, ஏனென்றால் திங்கள் கிளினிக்குக்கு நீலக் கொப்பியும் வியாழன் கிளினிக்குக்குச் சிவப்புக் கொப்பியும் மட்டுமே பையில் போகும். சலரோகக் கொப்பியில், இரண்டு வருடத்துக்கு முன் கிறியற்றினின் 1.2 என்று எழுதிப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போட்டிருக்கிறார்கள். இதயக் கொப்பியில் இந்த வருடம் 1.7 என்று இருக்கிறது. இரண்டும் சிறிய எண்களாகத்தான் எனக்குத் தெரிகின்றன.

அக்கா (இலண்டன்), காலை 9.51
அந்த எண் பொல்லாத எண். கிறியற்றினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, வடிகட்டல் குறைந்தால் அது இரத்தத்தில் ஏறும். ஐயாவின் வயதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், 1.2 என்பது வடிகட்டும் வேகம் ஏறக்குறைய 67, 1.7 என்பது 43. அதாவது வடிகட்டும் வலுவில் மூன்றிலொரு பங்கு போயிருக்கிறது. 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். இன்னொன்று, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்த்த துண்டு எந்தக் கொப்பியிலாவது ஒட்டியிருக்கிறதா?

நான், காலை 10.02
மூன்றையும் அட்டை தொடங்கி அட்டை வரை புரட்டினேன். ஓரிடத்திலும் இல்லை.

அக்கா (இலண்டன்), காலை 10.09
சலரோகக்காரர் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டிய சோதனை அது. விடியற்காலைச் சிறுநீர் கொஞ்சம் போதும். அல்புமினுக்கும் கிறியற்றினினுக்கும் உள்ள விகிதம் 30க்குள் இருந்தால் நல்லது, 300ஐத் தாண்டினால் சிறுநீரகத்தோடு இதயத்துக்கும் ஆபத்துக் கூடியிருக்கிறது. கிறியற்றினின் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே இது காட்டிக்கொடுக்கும். மூன்று இடத்திலும் கேட்காமல் விட்டது ஒருவருடைய குற்றமென்று நான் நினைக்கவில்லை. மற்றக் கிளினிக்கில் பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள்.

அக்கா (இலண்டன்), காலை 10.31
இப்போதுதான் சுளகுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மா, தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். இடது ஓரத்தில் லொசாட்டன் இருக்கிறது, அது சலரோகக் கிளினிக்கில் தந்தது. நடுவில் வெள்ளை உறையில் எனலாப்பிரில் இருக்கிறது, அது இதயக் கிளினிக்கில் தந்தது. இரண்டும் பிறசருக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள்தாம், ஆனால் ஒரே ஒழுங்கையால் போகிறவை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் நன்மை கூடாமல் சிறுநீரகப் பாதிப்பும் பொற்றாசியமும் கூடும் என்பது 2008இல் வெளியான பெரிய ஆய்விலேயே தெரிந்துவிட்டது. துண்டில் பொற்றாசியம் 5.6 என்று எழுதியிருக்கிறதே, அது ஏன் ஏறியது என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா, காலை 10.36
ஐயோ பிள்ளை, துண்டில் «வழமையான கிளினிக் மருந்துகளைத் தொடரவும்» என்றுதானே எழுதியிருக்கிறார்கள். எனக்கு எல்லாமே வழமையானவை. ஒரு நாளும் விடாமல் நானே எண்ணிக் கொடுத்தேன்.

அக்கா (இலண்டன்), காலை 10.40
நீங்கள் எழுதிக் கொடுத்தபடி கொடுத்தீர்கள், அம்மா, உங்களில் பிழையில்லை. நீங்களாக ஒன்றையும் நிறுத்தவும் வேண்டாம். இன்றிரவுக் குளிசை கொடுப்பதற்கு முன், தம்பி வாட்டுக்கு நேரே போய், சுளகுப் படத்தை அங்குள்ள வைத்தியரிடம் காட்டிக் கேட்கட்டும்.

தம்பி, பிற்பகல் 1.20
போய்க் காட்டினேன். அவர்கள் மூன்று கொப்பியில் ஒன்றைத்தான் கண்டிருக்கிறார்கள்; அன்று அந்தரத்தில் நான் கொண்டு ஓடியது அந்த ஒன்றைத்தான். எனலாப்பிரிலை நிறுத்தச் சொன்னார்கள், லொசாட்டன் தொடரலாம், செவ்வாய் காலை பொற்றாசியமும் கிறியற்றினினும் மறுபடி பார்க்க வேண்டும். படத்தின் வலது மூலையில் உள்ள சிவப்பு அட்டை என்ன குளிசை என்றும் வைத்தியர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

மாமி, பிற்பகல் 1.34
அதை நான் சொல்கிறேன். அண்ணைக்கு முழங்கால் நோ தாங்கமுடியாமல் இருந்தபடியால், எனக்குக் கேட்ட குளிசையின் பெயரைச் சொல்லி பார்மசியில் வாங்கச் சொன்னேன். டைக்குளோபினக் என்று அட்டையில் இருக்கும். எனக்கு இரண்டு நாளில் நோ பறந்தது.

ஐயா, பிற்பகல் 1.41
பத்து நாட்கள், காலையும் இரவும் எடுத்தேன். பார்மசியில் வாங்கியதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா (இலண்டன்), பிற்பகல் 2.15
இதுதான் நான்காவது கிளினிக். இதற்கு மட்டும் கொப்பியே கிடையாது. சித்தப்பாவுக்கு விளங்கும்படி தோட்டத்தை வைத்துச் சொல்கிறேன். சிறுநீரகத்தில் உள்ள ஒவ்வொரு வடிகட்டியும் ஒரு பாத்தி போன்றது, உள்ளே வர ஒரு வாய்க்கால், வெளியே போக ஒரு வாய்க்கால். லொசாட்டன் வெளிவாய்க்காலை அகலத் திறந்து பாத்தியின் அழுத்தத்தைக் குறைக்கிறது, அது நல்லதற்குத்தான். நீர்க்குளிசை கிணற்றில் தண்ணீர் மட்டத்தை இறக்குகிறது, கால் வீக்கம் வற்ற அதுவும் தேவை. அந்த நேரம் பார்த்து டைக்குளோபினக் உள்வாய்க்காலை மண் போட்டு மறிக்கிறது. பாத்தி காயாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு அது உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்துவைப்பதால், தளர்ந்த இதயம் மூச்சுமுட்டி வாட்டுக்குப் போக வைத்ததும் அதுவாகத்தான் இருக்கும். இனி முழங்காலுக்குப் பனடோலும் ஒத்தடமும் மட்டும்தான்.

மாமி, பிற்பகல் 2.30
நல்லது செய்யப்போய் அண்ணையை வாட்டில் கிடத்திவிட்டேன். என்னுடைய அட்டையையும் எறிகிறேன். பிள்ளை, எனக்கும் சலரோகம்தானே, நான் எத்தனையாம் படி? போன மாதம் புதிதாக எம்பாகிளிபுளோசின் என்று ஒன்று எழுதித் தந்தார்கள். கந்தசட்டி வருகிறது, ஆறு நாளும் இளநீரோடு இருக்கப் போகிறேன் என்று நேர்த்தி வைத்திருக்கிறேன்.

அக்கா (இலண்டன்), பிற்பகல் 3.02
மாமி, நீங்கள் இரண்டாம் படி, சிறுநீர் அல்புமின் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். எம்பாகிளிபுளோசின் மிக நல்ல மருந்து. சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றுவதற்காக வந்த குளிசை, 2015இல் இதயநோயுள்ள சலரோகக்காரரிடையே இதயத்தால் வரும் மரணங்களை மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைத்துக் காட்டியது. பின்பு இதே குடும்ப மருந்துகள் சலரோகமே இல்லாதவர்களின் சிறுநீரகத்தையும் காப்பாற்றின. ஐயாவுக்கும் இதைத் தரலாமா என்று செவ்வாய்க்கிழமை கேட்க வேண்டும். ஆனால் இந்தக் குளிசையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால், சீனி அதிகம் ஏறாமலே இரத்தத்தில் அமிலம் ஏறும். சீனிக் கருவி நல்ல எண்ணைக் காட்டுவதால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. சட்டிக்கு முன் உங்கள் வைத்தியரிடம் கேட்டு, அந்த நாட்களில் குளிசையை நிறுத்துவதா, அல்லது விரதத்தை ஒருநேரச் சாப்பாட்டோடு பிடிப்பதா என்று முடிவெடுங்கள். வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தாலும் இதே கதைதான், அன்று சீனிக் குளிசையான மெற்போமின், நீர்க்குளிசை, லொசாட்டன் ஆகியவற்றைப் பற்றியும் உடனே கேட்க வேண்டும்.

தம்பி, பிற்பகல் 3.10
நான் இடுப்பைச் சும்மா அளந்து பார்த்தேன். 96 சென்ரிமீற்றர். இது எந்தப் படி?

அக்கா (இலண்டன்), பிற்பகல் 3.12
எங்கள் ஆண்களுக்கு எல்லை 90, பெண்களுக்கு 80. வாசற்படியில் காலை வைத்துவிட்டீர், தம்பி. உமது சீனியையும் பிறசரையும் பாரும்.

அம்மா, பிற்பகல் 3.40
சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. கருவாட்டுக் குழம்பும் மோர்மிளகாயும் இல்லாவிட்டால் உங்கள் ஐயாவுக்குச் சோறு இறங்காது. உப்புக் குறைக்க வேண்டுமென்று சித்தப்பா கொழும்பிலிருந்து «குறைந்த உப்பு» என்று ஒரு போத்தல் வாங்கித் தந்திருக்கிறார், அதைத்தான் இப்போது போடுகிறேன்.

அக்கா (இலண்டன்), பிற்பகல் 3.44
அம்மா, அந்தப் போத்தலை இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொற்றாசியம் சேர்த்திருப்பார்கள். சுகமான ஆளுக்கு அது நல்லது, பொற்றாசியம் 5.6இல் நிற்கிறவருக்கு விஷம் மாதிரி. சாதாரண உப்பையே போடுங்கள், எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி தாண்டக் கூடாது. இளநீரும் இப்போதைக்கு வேண்டாம். காமரங்காய்ச் சாறு சலரோகத்துக்கு நல்லது என்று யாராவது கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், பழுதான சிறுநீரகத்துக்கு அது நேரடி நஞ்சு.

ஐயா, பிற்பகல் 3.58
கருவாட்டைப் பற்றிய வசனத்துக்கு அவர் பதில் எழுதவில்லை என்பதைக் கவனித்தேன்.

செவ்வாய்க்கிழமை

நான், பிற்பகல் 12.45
ஒரேயொரு தாளில் ஐயாவின் கதை முழுவதையும் எழுதினேன். மேலே வருத்தங்களும் வருடங்களும், நடுவில் கிறியற்றினின் எண்கள் திகதிப்படி, கீழே எல்லாக் குளிசைகளும் அளவோடு, பார்மசியில் வாங்கியதும் உட்பட. மூன்று பிரதி எடுத்து மூன்று கொப்பியிலும் முதற்பக்கத்தில் ஒட்டினேன். இன்று கிளினிக்கில் வைத்தியர் கொப்பியைத் திறந்ததும் அந்தத் தாளிலேயே நின்றுவிட்டார். மெற்போமினைப் பாதியாகக் குறைத்தார். சிறுநீர் அல்புமினுக்குத் துண்டு எழுதினார். இதய வைத்தியருக்கு அதே தாளின் கீழே நான்கு வரி எழுதிக் கையொப்பமும் வைத்தார். இத்தனை வருடத்தில் ஒரு கிளினிக்கிலிருந்து இன்னொரு கிளினிக்குக்குப் போன முதற்கடிதம் அது.

தம்பி, பிற்பகல் 12.58
இரத்தச் சோதனை முடிவும் வந்துவிட்டது. பொற்றாசியம் 5.0, கிறியற்றினின் 1.5.

அக்கா (இலண்டன்), பிற்பகல் 1.30
அப்படியென்றால் வடிகட்டும் வேகம் 50 அளவுக்குத் திரும்பியிருக்கிறது. டைக்குளோபினக் எடுத்துக்கொண்டு போனதில் ஒரு பகுதி வந்துவிட்டது, பழைய 67 வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. புதிய குளிசையைப் பற்றி என்ன சொன்னார்கள்?

நான், பிற்பகல் 1.41
அல்புமின் முடிவோடு வியாழன் இதயக் கிளினிக்கில் சேர்த்து முடிவெடுக்கலாம் என்றார். தொடங்கிய முதற் கிழமைகளில் கிறியற்றினின் கொஞ்சம் ஏறினால் பயந்து நிறுத்த வேண்டாம், அது எதிர்பார்த்ததுதான் என்று இப்போதே தாளில் குறித்தும் தந்தார். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிட முன், நிறை பார்க்க வேண்டும். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ ஏறினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் வர வேண்டும். திடீரென்று மூச்சு முட்டினால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.

ஐயா, பிற்பகல் 2.05
தாளைப் பார்த்தேன். «கிறியற்றினின்» என்பதை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதியிருக்கிறீர். வியாழனுக்கு முன் திருத்தி, மூன்று கொப்பியிலும் மாற்றி ஒட்டவும்.

அம்மா, பிற்பகல் 2.11
நிறை பார்க்கிற தராசு மாமி வீட்டில் இருக்கிறது, நாளைக் காலைக்கு முன் யாராவது எடுத்துக்கொண்டு வாருங்கள்.