தோட்டத்துப் பாலம்: யாருக்காவது இந்த வேலையில் அனுபவம் உண்டா?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம், எங்கள் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போகும் மரப்பாலத்தை மாற்றியாக வேண்டும். போன மழையில் நடுப்பலகை உடைந்து பள்ளி வேனின் பின்சக்கரம் உள்ளே இறங்கிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. இப்போது பிள்ளைகள் இந்தக் கரையிலேயே இறங்கி, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். உடைந்த இடத்தில் யாரோ பழைய கதவு ஒன்றைப் போட்டு ஆணி அடித்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் ஏறினால் சத்தம் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) வரை கேட்கிறது.

பணம்தான் சிக்கல் என்று நினைத்திருந்தேன். அதைவிடப் பெரியது, பாலம் யாருடையது என்ற கேள்வி. மாநிலச் சாலைப் பராமரிப்புக்கு மத்திய அரசு தரும் மானியம் மாரிஸ் (MARRIS) என்ற சாலைப் பதிவேட்டில் உள்ள சாலைகளுக்குத்தான். எங்கள் மண்சாலையோ தோட்ட நிலத்தில் இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் கேட்டால் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டுகிறார்கள். மூன்று நாள் லீவு போனதுதான் மிச்சம். ஆற்றின் குறுக்கே கட்டுவதால் ஜேபிஎஸ் (வடிகால், நீர்ப்பாசனத் துறை) ஒப்புதலும் வேண்டும். அதற்குப் பொறியாளர் வரைபடம், வெள்ள மட்டக் கணக்கு எல்லாம் தேவை.

தோட்ட நிலத்தை மாநிலத்திடம் ஒப்படைத்துப் பொதுச் சாலையாக்கிய அனுபவம் யாருக்காவது உண்டா? முதலில் நில அலுவலகமா, மாவட்ட அலுவலகமா? ஒய்பி (மக்கள் பிரதிநிதி) ஒதுக்கீடு கேட்டபோது மனுவோடு என்னென்ன இணைத்தீர்கள்? சிவில் பொறியாளர் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் பெரிய உதவி. சாப்பாடு எங்கள் வீட்டில். அப்புறம், மனு மலாயில் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்தது பசார் மலாய், அதாவது கடைத்தெருப் பேச்சு மலாய்தான். திருத்தித் தர யாராவது முன்வந்தால் இன்றே அனுப்புகிறேன்.