பிளெண்டர் அசைவை நிஜ கேமராவுக்குக் கொண்டுபோவதில் உதறல்: வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். பிளெண்டர் என்ற முப்பரிமாண அசைவூட்ட மென்பொருளில் அமைத்த கேமரா அசைவை நிஜ கேமராவும் அப்படியே செய்ய வேண்டும் என்று சில மாதங்களாக முயன்று வருகிறேன். ஒரு தண்டவாளம், அதன்மேல் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் திரும்பும் தலை. மூன்று அசைவுகளுக்கும் ஸ்டெப்பர் மோட்டார்கள் (சிறு சிறு படிகளாகச் சுழலும் மோட்டார்கள்). நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் இடத்தையும் கோணத்தையும் சிஎஸ்வி கோப்பாக (எண்களின் எளிய பட்டியலாக) எடுத்து, மோட்டார்களை இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகைக்கு அனுப்புகிறேன்.

தண்டவாளத்தின் தூரக் கணக்கு சரி. மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், மோட்டாருக்கு மின்சாரம் தரும் டிரைவர் சுற்றில் ஒவ்வொரு ஸ்டெப்பும் 16 மைக்ரோஸ்டெப்பாகப் பிரிகிறது, பல்லுக்குப் பல் 2 மி.மீ. இடைவெளியுள்ள பட்டை, 20 பல் சக்கரம். ஆக மில்லிமீட்டருக்கு 80 துடிப்பு (மைக்ரோஸ்டெப்புக்கு ஒன்று). அளவுகோல் வைத்தும் பார்த்துவிட்டேன்.

உதறல்தான் உயிரை எடுக்கிறது. மெதுவான அசைவில் ஒவ்வொரு ஃபிரேம் எல்லையிலும் தலை டிக், டிக் என்று துள்ளுகிறது. லென்ஸ் விளிம்பில் விரல் வைத்தாலே தெரிகிறது. ஃபிரேமுக்குள் ஒரே வேகத்தில் ஓட்டி, எல்லையில் சட்டென வேகத்தை மாற்றுவதே காரணம் என்று நினைக்கிறேன். இடைப்புள்ளிகளை ஸ்ப்லைன் என்ற வழுவழுப்பான வளைவால் நிரப்புவதைக் கணினியிலேயே முடித்து அனுப்புவதா, ஆர்டுயினோவிடம் விடுவதா?

கோணம் 179 பாகையிலிருந்து −179க்குத் தாவி, தலை முழுச் சுற்று பின்னோக்கிச் சுழன்று கேபிளைப் பிடுங்கியதும் நடந்தது. அதை 360 கூட்டிச் சரிசெய்துவிட்டேன்.

இன்னும் ஒன்று. லென்ஸ், சுழல் அச்சுக்கு 60 மி.மீ. முன்னால் இருக்கிறது. தலை திரும்பும்போது அருகிலுள்ள பொருள்கள் கணினிப் படத்தோடு பொருந்தாமல் விலகுகின்றன. பிளெண்டரில் கேமராவை ஒரு எம்ப்டியோடு (படத்தில் தெரியாத வெற்றுப் பொருளோடு) இணைத்து இதை ஈடுகட்டியவர்கள் உண்டா? உங்கள் அமைப்பின் படமோ நிரலோ இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.