சைன் π-க்கு 0 வரவில்லை, கால்குலேட்டர் கெட்டுவிட்டதா?

மாம்பலம் கணக்கு டீச்சர்:
மேற்கு மாம்பலத்தில் வீட்டிலேயே பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். வரைபடம் போட்டுக் காட்டலாம் என்று ரிச்சி தெருவில் பழைய ஹெச்பி 50ஜி ஒன்று வாங்கினேன். ரேடியனில் வைத்து 3.14159265359-க்கு சைன் போட்டால் −2.06761537357 × 10⁻¹³ என்று வருகிறது. பிள்ளைகளின் கேசியோவில் π பட்டனை அழுத்தி சைன் போட்டால் சுத்தமாக 0. "மிஸ், உங்களுது ரிப்பேர்" என்கிறான் ஒரு பையன். கடையில் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

பெருங்குடி ஃபர்ம்வேர்:
கொடுத்துவிடாதீங்க மேடம்! நீங்கள் போட்டது π இல்லை, π-ஐ விடத் துளி பெரிய ஓர் எண். அந்த மெஷினில் 12 இலக்கம்தான் கொள்ளும். π-ஐத் தாண்டியதும் சைன் கோடு அச்சுக்குக் கீழே இறங்கும், அந்த இடத்தில் சாய்வு −1. அதனால் எவ்வளவு தாண்டினோமோ அதே அளவு மைனஸில் வருகிறது.

ஒரு பேப்பரில் 3.14159265359-லிருந்து 0.000000000000206761537357-ஐக் கழித்துப் பாருங்கள். 3.141592653589793238462643 வரும். π-இன் 24 தசம இடங்கள், ஒன்றுகூடப் பிசகவில்லை! உள்ளே இன்னும் நீளமான π-ஐ வைத்துக் கழித்தால்தான் இது முடியும். இதை எழுதியவர்கள்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. ஒரு மோட்டார் போர்டுக்கு நானே சைன் எழுதியபோது குட்டையான π-ஐ வைத்துக் கழித்துவிட்டேன். கோணம் ஏற ஏற விடை நழுவியது, காரணம் பிடிபட இரண்டு வாரம் ஆனது.

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் π-க்கு சைன் போட்டால் 1.2246467991473532 × 10⁻¹⁶ வரும், பிளஸில். அங்கே இருக்கும் π அசல் π-ஐ விடக் கொஞ்சம் சின்னது. 0 காட்டும் மெஷின் அந்தச் சின்ன மிச்சத்தை விட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

மாம்பலம் கணக்கு டீச்சர்:
கழித்துப் பார்த்தேன் சார், அப்படியே வந்தது! ராத்திரி பத்து மணிக்கு என் வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன்.

பெரம்பூர் ரிட்டயர்டு:
அம்மா, இன்னொன்றும் பாருங்கள். 355/226-க்கு டான் போடுங்கள். உண்மை விடை −7497258.185, உங்கள் மெஷினில் −7497089.065 வரும். கிட்டத்தட்ட 169 வித்தியாசம். அதுவும் டானின் தப்பு இல்லை. வகுத்ததுமே 1.57079646018 என்று 12 இலக்கத்துக்கு வெட்டுப்பட்டுவிடுகிறது. π/2-க்குப் பக்கத்தில் டான் செங்குத்தாக ஏறுவதால் அந்தத் துளி இவ்வளவு பெரிதாகிறது. இதைத்தான் பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டும் என்பேன்.

பெருங்குடி ஃபர்ம்வேர்:
ஐயா சொல்வது ரொம்பச் சரி. அப்புறம் மேடம், அந்தப் பையனிடம் டிகிரிக்கு மாற்றி 180-க்கு சைன் போடச் சொல்லுங்கள். 180 வெட்டுப்படாமல் உள்ளே போகும், அதே மெஷினில் 0 வரும்.