சரிவு வீட்டின் கீழறைச் சுவரில் ஓதம்: பலகை அடித்து மூடலாமா?

மிருதங்கப் பித்தன் (பாயா தெருபோங்)
வணக்கம். பினாங்கில் மலைச்சரிவில் கட்டிய பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். சாலை மட்டத்துக்குக் கீழே ஒரு பெரிய அறை இருக்கிறது. பின்சுவர் முழுக்க மண்ணோடு ஒட்டியது, கதவும் சன்னலும் முன்பக்கம் மட்டும்தான். பிள்ளைகளுக்கு மிருதங்க வகுப்பு நடத்த அதைவிடத் தோதான இடம் இல்லை. ஆனால் பின்சுவரில் முழங்கால் உயரம் வரை சாயம் கொப்பளித்து நிற்கிறது, விரலால் தொட்டால் உப்பு மாதிரி வெள்ளைப் பொடி உதிர்கிறது. இரவு மழை பெய்தால் காலையில் புழுங்கல் வாடை. ஒரு வாரம் அங்கே வைத்த மிருதங்கத்தின் வலந்தலைத் தோலில் பூசணம் புள்ளி புள்ளியாகப் பிடித்துவிட்டது.

ஒரு கண்ட்ராக்டர் சொல்வது: மரச்சட்டம் அடித்து, ராக்வுல் (கல்லிழைப் பஞ்சு) அடைத்து, பிளாஸ்டிக் விரித்து, ஜிப்சம் பலகை போட்டால் ஓதம் தெரியாது, சத்தமும் பக்கத்து வீட்டுக்குப் போகாது, ஏர்கோன் குளிர்ச்சியும் நிற்கும். யூடியூபில் கனடாக்காரர்களும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார்கள். இன்னொருவர் சுவரில் துளையிட்டு பாலியூரிதேன் பிசினைச் செலுத்தும் பியூ இன்ஜெக்‌ஷன் அடித்தாலே போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? பிள்ளைகள் கீழே உட்கார்ந்து வாசிப்பதால் தரைக்கு மரப்பலகை போடவும் ஆசை.

கெப்போங் கொத்தனார்
சார், அந்த மரச்சட்டத்துக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். கனடாவில் குளிர்காலத்தில் வெளியே உறைபனி, வீட்டுக்குள் சூடான காற்று. உள்ளே இருக்கும் சூடு போகாமலும், அந்தக் காற்றின் ஈரம் சில்லென்ற கான்கிரீட்டில் பட்டு வேர்க்காமலும் இருக்கத்தான் அவர்கள் சுவரை உள்பக்கமாகப் போர்த்துகிறார்கள். நமக்கு மண்ணே வருஷம் முழுக்க 27, 28 டிகிரியில் கிடக்கிறது. அந்தச் சுவர் வழியாக உங்களுக்குப் பெரிதாகச் சூடும் வராது, குளிரும் வராது, அப்புறம் எதற்கு ராக்வுல்? வெக்கை வருவது கூரையிலும் மேற்குச் சுவரிலும்தான்.

இங்கே கதை தலைகீழ். ஈரம் மண்ணிலிருந்து உள்ளே வருகிறது. நீங்கள் ஏர்கோனை 20-இல் வைத்தால் பிளாஸ்டிக்கும் குளிர்ந்துபோகும், சுவரிலிருந்து வரும் ஈரம் அதன் முதுகில் தண்ணீராக நிற்கும். நனைந்த மரமும் ஜிப்சம் பலகையின் காகிதமும் பூசணத்துக்கும் கறையானுக்கும் விருந்து. கோலாலம்பூர் செராசில் இப்படி மூடிய ஒரு சுவரைப் பிரித்திருக்கிறேன். வெளியே பார்க்க புது வீடு மாதிரி இருந்தது, உள்ளே சட்டம் கைபட்டதும் நொறுங்கியது.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு முழ அகல அலுமினியத் தாளை அந்தச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு, காற்று புகாமல் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். பிரிக்கும்போது தாளின் சுவர்ப்பக்கம் ஈரமாக இருந்தால் சுவர் கசிகிறது. அறைப்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றில் இருக்கும் ஈரம். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு தண்ணீர் மீட்டர் ஓடுகிறதா என்றும் பாருங்கள். பழைய வீட்டில் குழாய் உடைந்திருந்தாலும் இதே கோலம்தான்.

தஞ்சோங் பூங்கா அக்கா
தம்பி, சன்னலைத் திறந்து வை, காய்ந்துவிடும் என்று நிறைய பேர் சொல்வார்கள். நம் ஊரில் அது பாதி நேரம் கெடுதல்தான். வெளியே 30 டிகிரி, 75 விழுக்காடு ஈரப்பதம் என்றால் அந்தக் காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே வேர்த்துவிடும். ஏர்கோன் போட்டுக் குளிர்ந்த அறையில் அதை விட்டால் சுவர், கண்ணாடி, தோல் எல்லாம் நசநசப்பாகிவிடும். ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி வையுங்கள், விலை ஒன்றும் அதிகமில்லை. 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்படி டிஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் மெஷின்) ஓடட்டும், அதன் குழாயை நேராக வெளி லோங்காங்கில் (வடிகாலில்) விட்டால் தினம் வாளி கொட்ட வேண்டியதில்லை. மெஷின் கொஞ்சம் சூடு தரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

வாத்தியங்களைப் பின்சுவர்ப் பக்கமே வைக்காதீர்கள். ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், பிள்ளைகள் கல்லால் தட்டித் தட்டியே ஓய்ந்துவிடும்.

சரிவும் சுவரும் (சிவில்)
பியூ இன்ஜெக்‌ஷன் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது விரிசலுக்கு. ஓர் இடத்தில் தண்ணீர் ஒழுகினால் நன்றாக அடைக்கும். சுவர் முழுக்கப் பரவி நிற்கும் ஓதத்துக்கு அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள், இங்கே அடைத்தால் அங்கே வரும்.

நீரைத் தடுக்கச் சரியான இடம் சுவரின் மண்பக்கம். ஆனால் சரிவில் சுவருக்குப் பின்னால் தோண்டுவது விளையாட்டு இல்லை. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் இறந்ததை நாம் மறக்கக்கூடாது. பொறியாளர் பார்க்காமல், மாநகர் மன்ற அனுமதி இல்லாமல் மண்வெட்டி வைக்காதீர்கள். சுவருக்குப் பின்னால் 1 மீட்டர் உயரம் தண்ணீர் தேங்கினாலே அடியில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 டன் அழுத்தம். ஆகவே தண்ணீரை அங்கே சேரவிடாமல் செய்வதுதான் முதல் வேலை. நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு மேலே போய்ப் பாருங்கள்: கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, சிமென்ட் தளம் சுவரோடு சேரும் இடத்தில் பிளவு இருக்கிறதா, லோங்காங்கில் வெடிப்பு உண்டா.

மிருதங்கப் பித்தன் (பாயா தெருபோங்)
எல்லாருக்கும் நன்றி. தாளைப் பிரித்தேன், சுவர்ப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர், அறைப்பக்கம் காய்ந்திருக்கிறது. மீட்டர் அசையவில்லை. நேற்று மழையில் மேலே போனால், கூரைக் குழாயின் மூட்டு கழன்று, தண்ணீர் நேராகச் சுவரோரத் தளத்தில் கொட்டுகிறது. அங்கே தளத்துக்கும் சுவருக்கும் இடையே சுண்டுவிரல் போகும் அளவு இடைவெளி. இப்போது உள்ளே என்ன செய்வது? சத்தத்துக்கு என்ன வழி?

கெப்போங் கொத்தனார்
அது போதும் சார், பாதி நோய் தெரிந்துவிட்டது. குழாயைச் சரிசெய்து தண்ணீரை லோங்காங்கில் விடுங்கள், இடைவெளியைச் சுத்தம் செய்து நெகிழும் சீலண்ட் அடையுங்கள். உள்ளே கெட்ட பூச்சை ஈரம் தெரியும் உயரத்துக்கு மேலும் ஓர் அடி வரை கொத்தி எடுத்து, உப்பைப் பிரஷால் தேய்த்து, வெறும் சுவரில் சிமென்ட் வகை வாட்டர்புரூஃப் இரண்டு கை பூசச் சொல்லுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையை உருட்டிப் பூசி, தரையிலும் ஓர் அடி இறக்க வேண்டும். சாதாரண சாயம் கொப்பளித்த இடத்தில் எபாக்சி (பிசின் சாயம்) அடித்தால் அதுவும் உரியும்.

சத்தம் மண் வழியாகப் போகாது, கதவு வழியாகவும் மேல்மாடி வழியாகவும்தான் போகும். ராக்வுல் போடுவதானால் மேல்தளத்துக்கு அடியில் போடுங்கள், கதவுக்குக் கனமான பலகையும் ரப்பர் விளிம்பும். பின்சுவரை மறைத்தே ஆக வேண்டும் என்றால் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம், சிமென்ட் போர்டு, பின்னால் இரண்டு விரல் இடைவெளி, மேலும் கீழும் காற்றுத் துளை. தரைக்கு டைல்ஸ், அதன்மேல் சுருட்டி எடுக்கக்கூடிய பாய். மரப்பலகை ஆசையை மேல்மாடிக்கு மாற்றிவிடுங்கள். போர்டு அடிப்பதை மட்டும் நவம்பர் மழை முடிந்து சுவரில் மறுபடி தாள் ஒட்டிப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.