டெலோமியருக்கு என்ன சொல்வது? முனைக்கூறா, பூணா?

அன்பர்களே,

நியூரோஃபைப்ரோமா என்னும் நரம்புக்கட்டி உள்ளவர்களின் குடும்பங்களுக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 17ஆம் குரோமோசோமில் ஒரு மரபணு பழுதானால் நரம்புக்கு உறையிடும் ஷ்வான் செல்கள் பெருகிக் கட்டியாகின்றன, அதுவரை எழுதிவிட்டேன். குரோமோசோமின் நுனிப்பகுதியான டெலோமியருக்கு என்ன பெயர், கட்டியைத் ‘தீங்கற்ற கட்டி’ என்று சொல்லலாமா என்ற இரண்டிலும் நிற்கிறேன். படிக்கப்போவது எட்டாம் வகுப்போடு நின்ற ஓர் அம்மாவாக இருக்கலாம்.
— வ.

வ. அவர்களுக்கு, இதில் யோசிக்க ஒன்றுமில்லை. 1938இல் மரபியலாளர் முல்லர் இந்தச் சொல்லை ஆக்கியபோது கிரேக்கத்தின் ‘முடிவு’, ‘பகுதி’ இரண்டையும்தான் சேர்த்தார். முனைக்கூறு என்று போடுங்கள்.
— தி.

முனை என்றால் கூர்மை, போர்முனை எல்லாம் வந்து நிற்கும். கடை இருக்க ஏன் முனை? தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்கு அடுக்கும் இடப்பொருள்களில் கடையும் உண்டு. வாசலும் கடைதான்: தலைக்கடை, புறக்கடை. கடைக்கண், கடைவாய் என்று உடம்பிலும் இருக்கிறது. பொருள் விற்கும் கடைகூட வாசலில் தொடங்கியதுதான் என்பது என் எண்ணம். அதைத் தனி மடலில் எழுதுகிறேன். இங்கே கடைக்கூறு.
— ச.

ஐயா, கடைக்கூறு என்றால் எங்கள் ஊரில் மட்டமான சரக்கு என்றே நினைப்பார்கள்.

என் பாட்டியின் உலக்கையில் இரும்புப் பூண் இருந்தது. இடிக்க இடிக்க மரம் பிளக்காமல் அதுதான் காத்தது. டெலோமியரின் வேலையும் அதுவே. டிடிஏஜிஜிஜி என்ற டிஎன்ஏ ஆறெழுத்து ஆயிரக்கணக்கான முறை தொடர்ந்து வந்து குரோமோசோமின் நுனியைக் காக்கிறது. செல் பிரியப் பிரியத் தேய்கிறது. டெலோமரேஸ் நொதி தேய்ந்ததை நீட்டிக் கொடுக்கிறது. பூண், பூண் தேய்வு, பூண் பேணல். அந்த அம்மாவுக்கு உடனே விளங்கும்.
— மீ.

அழகான சொல், ஆனால் பூண் இரும்பு, உலக்கை மரம். டெலோமியரோ அதே டிஎன்ஏ.
— தி.

அதன்மேல் ஷெல்டெரின் என்ற புரதக் கூட்டம் கவிந்திருக்கிறதே! பூண் என்பது அந்த இரண்டுக்கும் சேர்த்து.
— மீ.

நான் மருத்துவன். பெயரை நீங்கள் தீர்த்துக்கொள்ளுங்கள். ‘தீங்கற்ற’ மட்டும் வேண்டாம். முகத்தில் கட்டி தொங்கும் பிள்ளையிடமும், வலியில் தூங்காதவரிடமும் அதைச் சொல்லிப் பாருங்கள். இவற்றில் பின்னல்வகைக் கட்டி சிலருக்குப் புற்றாகவும் மாறும். ‘பரவாத கட்டி’ என்றால் பொய்யில்லை. ‘நோயெதிர்ப்பு’ என்று எழுதும் இடத்திலும் கவனம். கட்டிக்குள் குவியும் விழுங்குசெல்களும் மாஸ்ட் செல்களும் நோயை எதிர்க்க வந்த இனம்தான். ஆனால் அங்கே அவையே கட்டி வளரத் துணைபோவதுண்டு. அங்கு மட்டும் ‘காவல் செல்கள்’ என்றால் போதும். எதிர்க்கின்றனவா துணைபோகின்றனவா என்பதை வாக்கியம் சொல்லட்டும்.
— ப.

‘புற்றல்லாத கட்டி’ இன்னும் நேராக இருக்காதா?
— தி.

பின்னால் புற்றாக மாறியவரிடம் என்ன சொல்வீர்கள்?
— ப.

எல்லோருக்கும் நன்றி. இரவு பதினொன்றரை ஆகிறது. ‘பரவாத கட்டி’, ‘காவல் செல்கள்’ இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். டெலோமியருக்கு ஒருவர் பூண், ஒருவர் முனைக்கூறு, ஒருவர் கடைக்கூறு. முதல் இடத்தில் ‘டெலோமியர் என்னும் முனைப்பூண்’, பிறகு பூண் என்று போடுகிறேன்.
— வ.

முனைப்பூண் உலக்கைக்கே இருக்கட்டும். நாளை என் வகுப்பில் கடைக்கூறு என்றுதான் எழுதுவேன். வாசலும் கடையும் பற்றிய மடல் தனியே வருகிறது.
— ச.