சுண்ணாம்பு நீர் பாலாகிறது, ஆனால் மறுபடி தெளியவே இல்லை. எங்கே தவறு?

செந்தூல் தையற்காரி:

வணக்கம். என் மூத்த மகள் படிவம் நான்கில் படிக்கிறாள். சென்ற வாரம் பள்ளி ஆய்வகத்தில் அவளுடைய ஆசிரியை பளிங்குத் துண்டுகள்மீது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி, எழுந்த வாயுவைச் சுண்ணாம்பு நீருக்குள் செலுத்திக் காட்டினாராம். தெளிந்த நீர் பாலாக மாறியது. வாயு தொடர்ந்து போகப் போக மறுபடியும் தெளிந்துவிட்டது. இதைப் பாட்டிக்கு வீட்டில் செய்து காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அதில்தான் மூன்று நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதல் நாள்: பிரிக்பீல்ட்ஸ் வெற்றிலைக் கடையில் வெள்ளைச் சுண்ணாம்பு வாங்கினேன். நன்றாகக் கரையட்டும் என்று கொதிக்கும் நீரில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினேன். ஒரு மணி நேரம் ஆகியும் மோர் போலவே இருந்தது. முன்பே வெள்ளையாக இருக்கும் நீரில் ஊதி என்ன தெரியப்போகிறது?

இரண்டாம் நாள்: அதையே இரவு முழுக்க மூடி வைத்து, மேலே நின்ற நீரைக் காப்பி வடிகட்டும் துணியில் இரண்டு முறை வடித்தேன். கண்ணாடி போல் தெளிந்திருந்தது. மகள் உறிஞ்சுகுழலால் ஊதினாள். அரை நிமிடத்தில் பால்! பாட்டி கைதட்டினார். பிறகு தெளிய வேண்டுமே? இருபது நிமிடம் ஊதினாள், என் இளையவனும் ஊதினான், நானும் ஊதினேன். பால் பாலாகவே இருக்கிறது.

மூன்றாம் நாள்: மீதி நீரை மூடாமல் வைத்திருந்தேன். மேலே பாலாடை போல் ஒரு மெல்லிய படலம். அதில் ஊதினால் முன்பு போல் பாலாகவும் இல்லை.

நான் கலைப்பிரிவில் படித்தவள். மகள் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் அறிவியல் படித்தாள், இப்போது பாடம் மலாயில். அவள் "மெண்டாக்கான்" என்கிறாள், நான் "வண்டல்" என்கிறேன். இரண்டும் ஒன்றா என்பதுகூடத் தெரியவில்லை. யாராவது விளக்குங்கள்.

பந்தாய் பொறியியல் மாணவன்:

அக்கா, ஊதியது போதவில்லை. கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்தால் அமிலம். அமிலம் சேரச் சேர வெள்ளைப் பொருள் சர்க்கரை போலக் கரைந்துவிடும். இன்னும் அரை மணி நேரம் மூவரும் மாறி மாறி ஊதுங்கள்.

கெப்போங் ஆய்வகப் பணியாளர்:

தம்பி, அரை மணி நேரம் ஊதினால் நீர் தெளியாது, ஊதுபவருக்குத் தலைசுற்றும். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

அக்கா, நான் ஒரு இடைநிலைப்பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் ஊதும்போது ஒரு கவனம் தேவை. சுண்ணாம்பு நீர் கடுமையான காரம். உறிஞ்சுகுழலில், நீர்மட்டத்துக்கு மேலே, ஊசியால் இரண்டு மூன்று துளைகள் போட்டுவிடுங்கள். பழக்கத்தில் உள்ளே இழுத்துவிட்டாலும் காற்றுதான் வாய்க்கு வரும். கண்ணில் தெறித்தால் ஓடும் குழாய் நீரில் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடாது, காரம் அதை அரிக்கும். கண்ணாடியோ எவர்சில்வரோ போதும்.

படலத்துக்கு விடை எளிது. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடே உங்களுக்கு முன்னால் வினையை நடத்திவிட்டது. அந்தப் படலம் கால்சியம் கார்பனேட். போத்தலைக் கழுத்துவரை நிரப்பி இறுக்க மூடினால் இப்படி ஆகாது. தெளியாததற்கு நானும் காரணம் யோசிக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் சுண்ணாம்பு நீரைப் பாதிக்குப் பாதி நீர் கலந்துதான் ஆசிரியர்களுக்குக் கொடுப்போம். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ரவாங் ஓய்வாசிரியர்:

கடைசி வரியில் விடையைத் தொட்டுவிட்டீர்கள், அம்மா. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டலும் வீழ்படிவும். முதல் நாள் நீங்கள் பார்த்த மோர், கரையாமல் மிதந்த சுண்ணாம்பு. அது கரைசல் ஆகவே இல்லை, தொங்கல்தான். அடியில் படிந்தது வண்டல். இரண்டாம் நாள் தெளிந்த நீரில் ஊதியபோது தோன்றிய வெண்மை, அதுவரை அங்கே இல்லாத புதிய பொருள். கரைந்திருந்த கால்சியம் ஹைட்ராக்சைடும் மூச்சிலிருந்த கார்பன் டை ஆக்சைடும் வினைபுரிந்து, கால்சியம் கார்பனேட்டும் நீரும் உண்டாயின. அதுதான் வீழ்படிவு, உங்கள் மகளின் மெண்டாக்கான். பார்வைக்கு இரண்டும் வெள்ளை, ஆனால் பிறந்த வழி வேறு. அறிக்கையில் இதை எழுதினாலே ஆசிரியைக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

நீரைக் கொதிக்க வைத்தது வீண். சர்க்கரையும் உப்பும் நம்மைத் தவறாகப் பழக்கிவிட்டன. கால்சியம் ஹைட்ராக்சைடு சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும். அறை வெப்பத்தில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிராம், கொதிநிலையில் அதில் பாதிகூட இல்லை. இரண்டு கரண்டி என்ன, இருபது கரண்டி போட்டாலும் 1.6 கிராமுக்கு மேல் நீர் வாங்காது. இரவில் ஆறியதால் உங்களுக்கு நிறைவுற்ற கரைசல் கிடைத்தது. சிக்கல் அங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். 74 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைத் தரும். ஆகவே 1.6 கிராமிலிருந்து ஏறத்தாழ 2.16 கிராம் வீழ்படிவு. அது மறுபடி கரைய வேண்டுமானால் இரண்டாவது வினை நடக்க வேண்டும்:

கால்சியம் கார்பனேட் + நீர் + கார்பன் டை ஆக்சைடு → கால்சியம் ஹைட்ரஜன் கார்பனேட்

தூய கார்பன் டை ஆக்சைடைச் சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு செலுத்தினாலும், ஒரு லிட்டர் நீர் இப்படி ஏறத்தாழ 1 கிராம் கார்பனேட்டைத்தான் ஏற்கும். நாம் வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 விழுக்காடு. அதற்கு 0.3 கிராம் கரைந்தால் பெரிது. ஏழு பேர் வந்திருக்கும் வீட்டில் ஒரே ஒரு நாற்காலி. விடிய விடிய ஊதினாலும் மற்ற ஆறு பேர் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். பள்ளியில் நீர் கலந்த சுண்ணாம்பு நீரும், அமிலத்திலிருந்து வந்த ஏறக்குறையத் தூய வாயுவும் இருந்தன. அதனால் தெளிந்தது.

பொறியியல் தம்பிக்கு ஒரு சொல். அமிலம் என்றது சரி, சர்க்கரை என்றதுதான் இடறல். சர்க்கரைக் கரைசலைக் காய்ச்சினால் சர்க்கரையே திரும்பக் கிடைக்கும். கால்சியம் ஹைட்ரஜன் கார்பனேட் கரைசலில் மட்டுமே வாழும். காய்ச்சித் திண்மமாக எடுக்கப் பார்த்தால் அது சிதைந்து பழைய கார்பனேட்டாகத் திரும்பிவிடும். அதனால் இது வெறும் கரைதல் அல்ல, வேதிவினை.

இப்போது செய்ய வேண்டியது: புதிதாக வடித்த சுண்ணாம்பு நீர் ஒரு பங்கு எடுங்கள். கடையில் டின்னில் விற்கும் இனிப்பில்லாத சோடா நீரை அதில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். முதலில் பால். நிறுத்தாமல் நான்கைந்து பங்கு வரை ஊற்றிக் கலக்கிவிட்டு, இரண்டு நிமிடம் பொறுங்கள். தெளிந்ததை எவர்சில்வர் பாத்திரத்தில் நன்றாகக் கொதிக்க விடுங்கள்.

பந்தாய் பொறியியல் மாணவன்:

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. எஸ்.பி.எம். தேர்வில் சமன்பாட்டை மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அளவைப் பற்றி யோசித்ததே இல்லை. சோடாவுக்குப் பதில் எலுமிச்சைச் சுவையுள்ள பானம் ஊற்றலாமா? வீட்டில் அதுதான் இருக்கிறது.

ரவாங் ஓய்வாசிரியர்:

கூடாது. அதில் சிட்ரிக் அமிலம் இருக்கும். நீர் தெளியும், ஆனால் தெளிய வைத்தது கார்பன் டை ஆக்சைடு ஆகாது. சரியான விடை, தவறான காரணம். திருத்தும்போது என்னை மிகவும் சோதித்தவை அந்த வகை விடைத்தாள்கள்தாம்.

செந்தூல் தையற்காரி:

ஐயா, நடந்துவிட்டது! ஞாயிறு மாலை செய்தோம். அரைக் குவளை சோடா போனதும் பால். அங்கேயே மகள் பயந்து நிறுத்திவிட்டாள். "ஊற்று, ஊற்று" என்று பாட்டி விரட்ட, நான்காவது பங்கில் அடி தெரியத் தொடங்கியது. ஒரு நிமிடத்தில் குவளைக்குப் பின்னால் இருந்த நாள்காட்டியைப் படிக்க முடிந்தது.

கொதிக்க வைத்ததில் முதலில் ஏமாற்றம். ஆவி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டேன், மங்கல்கூட இல்லை. மறுபடி ஏற்றி ஏழெட்டு நிமிடம் கொதித்த பிறகுதான் வெண்மை திரும்பியது.

பாட்டி தன் பங்குக்கு ஒன்று செய்தார். மிச்சமிருந்த சுண்ணாம்பு நீரில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைப் போட்டு, "இது ஆரத்தி நீர், இதற்கு உன் புத்தகம் என்ன சொல்கிறது?" என்றார். சிவந்திருந்த அதில் மகள் சோடாவை ஊற்றினாள். சிவப்புப் போய் மஞ்சளாகிவிட்டது. பாட்டிக்கே வியப்பு.

ரவாங் ஓய்வாசிரியர்:

பாட்டிக்கு என் வணக்கம். மஞ்சள் ஒரு காட்டி. காரத்தில் சிவக்கும், நடுநிலையிலும் அமிலத்திலும் மஞ்சளாகவே இருக்கும். சோடா காரத்தைத் தீர்த்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அறிக்கையில் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை பத்துமலைக்குப் போகும்போது மகளைக் குகையின் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் குன்று சுண்ணாம்புக்கல், அதாவது கால்சியம் கார்பனேட். மழைநீர் மண்ணில் ஊறி, அங்குள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. அது உங்கள் சோடாக் குவளை. அதே நீர் குகைக்குள் சொட்டும்போது வாயு பிரிந்துபோகிறது, கார்பனேட் திரும்பப் படிகிறது. அது உங்கள் எவர்சில்வர் பாத்திரம், அடுப்பு மட்டும் இல்லை. 272 படி ஏறி மூச்சு வாங்கும் நேரத்தில் இதையும் சொல்லலாம், கேட்பாளா என்பது வேறு.

செந்தூல் தையற்காரி:

கேட்பாள், ஐயா. தைப்பூசக் கூட்டத்தில் வேண்டாம், சாதாரண நாளில் போகிறோம். இன்னொரு சின்னச் சந்தேகம். பாத்திரத்தில் ஒரு வெள்ளை வளையம் ஒட்டிக்கொண்டு, தேய்த்தாலும் போகவில்லை.

கெப்போங் ஆய்வகப் பணியாளர்:

தேய்க்காதீர்கள், அக்கா. இரண்டு கரண்டி வினிகர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும்.

செந்தூல் தையற்காரி:

போய்விட்டது, நன்றி. நுரையைப் பார்த்ததும் மகள், "அம்மா, இதுவும் கார்பன் டை ஆக்சைடுதானே, குழாய் வைத்துப் பிடிக்கலாமா?" என்று ஆரம்பித்துவிட்டாள். பாத்திரத்தைக் கழுவி, இரவுச் சோற்றுக்கு உலை வைத்துவிட்டேன்.